கொஞ்சம் குண்டுதான்

இது எனக்கு நடந்ததல்ல. சைதாப்பேட்டை மகளிர் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பவளக்கொடி சொன்னது. மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள். துணி தீர்ந்த பிறகும் கதை தீரவில்லை, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் செஞ்சிப் பக்கத்துக்காரி. அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள், எங்கள் வீட்டில் நான். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. எழுதிய எதையும் யாராவது வந்து சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே எழுதுவோம். அவள் சொன்னதை அவள் தலைக்குள்ளிருந்து எழுதிப் பார்க்கிறேன். இனி ‘நான்’ என்று வருவது அவள். மின்விசிறிச் சத்தம், வெயில் போன்ற சில்லறை விஷயங்களை நான் சேர்த்திருக்கலாம். யார் என்ன பேசினார்கள் என்பதில் கை வைக்கவில்லை.

சீட்டைப் பிரிக்கிறேன், உள்ளே ‘குண்டு’ என்று இருக்கிறது, அவ்வளவுதான், முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் கிடையாது, நீல மையில் குண்டு, யாரோ என்னைப் பார்த்துவிட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது, பின் கழுத்தில் சூடு ஏறுகிறது, ஆனால் பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டது நான்தானே, மேலே கிடந்ததை விட்டுவிட்டு அடியில் துழாவி எடுத்ததும் நான்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுபோல என் கை தானாகவே போய் இதை எடுத்திருக்கிறது. மரியதாஸ் சார் டின்னோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இந்த அகராதி அலுவலகத்துக்கு அவர்தான் பதிப்பாசிரியர், உதவியாளர் வேலை ஒன்றே ஒன்று இருக்கிறது, வந்திருப்பவர்கள் அறை நிறைய, ஆளுக்கு ஒரு சொல், ஒரு மணி நேரம். சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையும் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரண வாக்கியம் தர வேண்டும், அந்த வாக்கியத்தில்தான் கண்டிப்பு. “வாக்கியத்த நீங்களா செய்யக் கூடாது. ராமன் பழம் தின்றான் கத இங்க வேணாம். யாராவது சொல்லி ஒங்க காதுல விழுந்திருக்கணும், இல்ல எங்கயாவது படிச்சிருக்கணும். பக்கத்துல யார் சொன்னது, எங்க சொன்னதுன்னு ஒரு வரி எழுதுங்க. செஞ்ச வாக்கியம் எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிரும், பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும்.” இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக் கட்டம் போட்ட சட்டைக்காரன் என் சீட்டை எட்டிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், “ஒங்களுக்கு ஈஸிங்க” என்றான். ஒங்களுக்கு ஈஸி. இதற்கு எத்தனை பொருள் எழுதலாம். கேலியா, பொறாமையா, வெறும் பேச்சா, ‘ஒங்களுக்கு’ என்பதை அவன் அழுத்திச் சொன்னானா இல்லையா, சொன்ன ஒரு நொடிக்குள்ளேயே என் காது அதை மாற்றி வைத்துக்கொண்டுவிட்டது, இப்போது திரும்பக் கேட்டால் அழுத்தியதாகத்தான் கேட்கிறது. நாற்காலி வேறு. எழுதும் பலகை கையோடு ஒட்டியிருக்கும் பரீட்சை நாற்காலி, பலகையை மடக்கி இறக்கினால் என் வயிற்றில் வந்து நிற்கிறது, முழுதாக இறங்க மாட்டேன் என்கிறது, நான் ஒருக்களித்து உட்கார்ந்து ஒரு தோளை முன்னால் தள்ளி எழுத வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான், என் பட்டங்கள் இரண்டுமே ஒருக்களித்து எழுதி வாங்கியவை. காப்பி வைக்க வந்த சகாயராணி அக்கா பார்த்துவிட்டு அறைக்கே கேட்கிற மாதிரி, “வேற சேர் கொண்டாரட்டுமாம்மா?” என்றாள். “வேணாங்க்கா, சௌகரியமா இருக்கு.” பொய். பரீட்சை தொடங்குவதற்கு முன்னாலேயே நான் செய்த ஒரு வாக்கியம். இன்று இது போய்விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நேற்று போனில் அம்மா சொல்லிவிட்டாள், “இந்தப் பரீட்சையோட சரி பவளா, ஆடி முடிஞ்சதும் திண்டிவனத்துக்காரங்க பாக்க வராங்க, வேல கெடச்சா தள்ளிப் போடச் சொல்றேன், இல்லன்னா வந்துடு.” அம்மா சொன்ன சொல் மாற மாட்டாள், இரண்டு பக்கமும்.

எழுது. பொருள் ஒன்று: உருண்டையாக இருப்பது. எதை எழுதுவது, கண்ணை மூடினால் பல்பு எரிகிறது, குண்டு பல்பு, அப்பாவின் கையில். அப்பாவுக்கு மைக் செட்டு வேலை, கல்யாண வீட்டு வாசலில் மூங்கில் மேல் ஏறி நின்றுகொண்டு கீழே இருக்கிற ஆளைப் பார்த்துக் கத்துவார், “பொண்ணு மூஞ்சிக்கு நேரா ஒரு குண்டு பல்பு போடுடா, டியூப் லைட்டுல எல்லாரும் சீக்காளி மாதிரி தெரியுறாங்க.” வந்துவிட்டது, முழு வாக்கியம், உயிரோடு, நான் செய்யவில்லை, பிளாஸ்டிக் இல்லை, என் அப்பா, செஞ்சியில் ஒரு கல்யாண வீடு. அடுத்தது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது, கல்யாண வீடு என்றால் பூ, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் பூக்காரியிடம் சண்டை போட்டது, “ஊசிமல்லிய எவ கேட்டா, குண்டுமல்லி இருந்தாக் குடு, இல்லன்னா ஆள வுடு.” எழுதுகிறேன், எழுதும்போதே சிரிப்பு வருகிறது, ஊசிமல்லி வேண்டாமாம், குண்டாக இருந்தால்தான் வேண்டுமாம், அந்த அம்மாளை எனக்குத் தெரியாது, ஆனால் இப்போது கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. கை மனதுக்குப் பின்னால் ஓடுகிறது. குண்டூசி, உலகத்திலேயே மெலிந்த சாமான், அதற்கும் இந்தச் சொல்தான், தலை மட்டும் கொஞ்சம் உருண்டை என்பதற்காக மொத்த ஊசிக்கும் பெயர், கல்லூரியில் செய்யுள் வகுப்பு எடுத்த பேராசிரியை மேசையைத் தட்டுவார், “குண்டூசி விழுந்தா எனக்குக் கேக்கணும்.” கோலிக்குண்டு. சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கும் குண்டு, “ஒன் வண்டி சத்தம் போடலம்மா, உள்ள குண்டு தேஞ்சிபோய் அழுவுது,” சைக்கிள் கடைக்காரர், நான் பிளஸ் டூ போய்க்கொண்டிருந்த வண்டி, ஏறி உட்கார்ந்தால் ‘கீ’ என்று அழும், எல்லாரும் என்னால்தான் என்று நினைத்தார்கள், நானும் நினைத்தேன், இல்லை, குண்டு தேய்ந்திருந்தது. இதை அப்போதே எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். மின்விசிறி தலைக்கு மேல் ‘கட கட’ என்கிறது, அதற்குள்ளும் குண்டு இருக்கும், இந்த அறையில் சுற்றுகிற எல்லாவற்றுக்குள்ளும் குண்டு இருக்கும், குண்டு இல்லாவிட்டால் எதுவும் சுற்றாது. சே, இதெல்லாம் எழுதக் கூடாது, யாரும் சொன்னதில்லை, நானாகச் செய்தது.

பொருள் இரண்டு: எறியும் இரும்பு உருண்டை. சாந்தகுமாரி டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் வரிசையில் நின்ற எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்று, ஏதோ புதையல் கிடைத்த மாதிரி, “நீ குண்டு எறியப் பொறந்தவடி” என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, முதல் தடவையாக இந்த உடம்பைப் பார்த்து ஒருவர் முகம் மலர்கிறது, தினமும் சாயங்காலம் மைதானத்தில் நின்றேன், கழுத்தோடு இரும்பை ஒட்டி வைத்துக்கொண்டால் குளுகுளுவென்று இருக்கும், மாவட்டப் போட்டியில் மூச்சைப் பிடித்துத் திரும்பி எறிந்தேன், அது என் காலுக்குப் பக்கத்திலேயே ‘தொப்’பென்று விழுந்து மண்ணில் புதைந்தது. மேல்மலையனூரிலிருந்து வந்தவள், ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள், கயிற்றைத் தாண்டி எறிந்தாள். “ஒடம்பப் பாத்து ஏமாந்துட்டேன்டி,” திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர் சொன்னார், கோபமாக இல்லை, ஏமாந்தவர் எப்படிச் சொல்வாரோ அப்படி. நிறுத்து, அது உதாரணத்தில் வராது, அதில் குண்டு என்ற சொல்லே இல்லை. எத்தனை வாக்கியங்களில் அந்தச் சொல் இல்லாமலே அது இருக்கிறது. போ, அடுத்தது. துப்பாக்கிக் குண்டு, பீரங்கிக் குண்டு, கோட்டை மேல் வழிகாட்டுகிறவர் சுற்றுலாக்காரர்களிடம் சொல்வது, “இந்தச் செவுத்துல பள்ளம் தெரியுதுங்களா, குண்டு பட்ட எடம்.” பொருள் நான்கு, எதிர்பாராத அதிர்ச்சி தரும் செய்தி, “வார்டன் தலையில குண்டத் தூக்கிப் போட்டுட்டாங்கடி, மாசக் கடைசியில மெஸ் மூடுறாங்களாம்,” என் அறையில் இருப்பவள், போன வாரம். எப்படி வருகிறது பார், கேட்டதெல்லாம் எங்கேயோ சேர்ந்திருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக இந்தச் சொல் எங்கே விழுந்தாலும் என் காது நிமிர்ந்திருக்கிறது, என்னைத்தான் சொல்கிறார்களோ என்று பயந்து பயந்து நிமிர்ந்த காது, அது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது, பல்பை, பூவை, பீரங்கியை, மெஸ்ஸை, இந்த அறையில் வேறு யாருக்கு இப்படி ஒரு காது இருக்கும். ஒங்களுக்கு ஈஸிங்க. ஆமாம், ஈஸிதான், வந்து பார். குண்டர் சட்டம்? அதைப் பொறுமையாக யோசி. எட்டாம் வகுப்பில் ராஜசேகர் சொல்வான், “இவளப் புடிச்சி குண்டர் சட்டத்துல உள்ள போடணும்டா,” வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வான். ஆனால் அந்தக் குண்டர் வேறு, வடக்கேயிருந்து வந்த சொல், ரவுடி என்று பொருள், இதற்கும் உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இங்கே சேர்த்தால் தப்பு. சேர்க்கவில்லை. ராஜசேகரை அடித்தாயிற்று, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, இலக்கண சுத்தமாக ஒருவனை அடிப்பது.

குண்டுமணி எழுதலாமா. “அவ காதுல ஒரு குண்டுமணி தங்கம் உண்டா, பாவம்,” எதிர்வீட்டுக்காரம்மா, எங்கள் அம்மாவைப் பற்றி. குன்றிமணிதான் பேச்சில் குண்டுமணி ஆயிற்று என்று வகுப்பில் சொன்னார்கள், அப்படியென்றால் இது வேறு மரத்தின் காய், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்துத் தட்டார்கள் தங்கத்தை நிறுக்க வைத்த மிகச் சின்ன எடை அது, சிவப்பும் கறுப்புமாக ஒரு விதை, உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது, அதையும் ஊர்வாய் குண்டு என்றே ஆக்கியிருக்கிறது. கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டு, எங்கள் வீட்டுச் சுவர் எழும்பியபோது மேஸ்திரி கத்தினார், “குண்டு ஆடுது, காத்து நிக்கட்டும்,” காற்று நின்று அது அசையாமல் நின்ற பிறகுதான் சுவர் நேரா கோணலா என்று தெரிந்தது. எழுதியாயிற்று. கையெழுத்து, “எழுத்து குண்டு குண்டா முத்து மாதிரி இருக்கு, எவ எழுதினது?” ஐந்தாம் வகுப்பு, தலைமையாசிரியர், என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, அது என் நோட்டு என்று தெரிந்ததும், “பரவாயில்லயே” என்றார். தாள் நிரம்பிவிட்டது, திருப்புகிறேன், விரல் வியர்த்துப் பேனா வழுக்குகிறது, துப்பட்டாவில் துடைக்கிறேன், ஜன்னல் வழியாக வெயில் மேசை வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் ஒன்று எங்கேயோ இடிக்கிறது, மேல்மலையனூர் போகிற ரோடு, பஸ் குலுங்க நான் இரண்டு பேர் உட்கார்கிற சீட்டில் ஜன்னலோடு ஒட்டிச் சின்னதாக ஆகப் பார்க்கிறேன், பக்கத்தில் உட்காரப் போன ஆள் நிற்கிறார், யோசிக்கிறார், நின்றுகொண்டே வருகிறார், கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், “ரோடா இது, குண்டும் குழியுமாக் கெடக்கு.” குண்டும் குழியும். குழி சரி, குண்டு எங்கே இருக்கிறது ரோட்டில்? மேடா? இல்லை, இல்லை, இது மேடு இல்லை, இதுவும் பள்ளம்தான், பழைய பாட்டுகளில் வருமே, அகழியைச் சொல்லும்போது, சுனையைச் சொல்லும்போது, குண்டு என்றால் ஆழம். எம்.ஏ. முதல் வருஷம், உரையில் பார்த்து அடிக்கோடு போட்டேன், அப்போது இது என் சொல் என்று தோன்றவே இல்லை. குண்டு என்றால் ஆழம். இறங்கினால் கால் எட்டாத நீர். எல்லாரும் மறந்துவிட்ட பொருளை அந்தக் கண்டக்டர் வாயிலும் எல்லார் வாயிலும் இந்த ரோடு பத்திரமாக வைத்திருக்கிறது. எழுந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, கட்டம் போட்ட சட்டைக்காரனிடம்கூடச் சொல்லலாம், அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆழம், பழைய வழக்கு, இன்று ‘குண்டும் குழியும்’ என்பதில் மட்டும். அடியில் கோடு போடுகிறேன். முடிந்தது. எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை.

மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், பல்பு, மல்லி, ஊசி, கோலி, சக்கரம், இரும்பு, பீரங்கி, அதிர்ச்சி, மணி, தூக்கு, எழுத்து, ஆழம், எவ்வளவு அழகாக இருக்கிறது, ஏதோ ஒன்று இல்லை, மறுபடி படிக்கிறேன், பல்லில் ஒரு இடம் காலியாக இருந்தால் நாக்கு அங்கேயே போவதுபோல ஏதோ இல்லை, பிறகு வயிற்றில் இருக்கிற பலகை சொல்கிறது. ஆளை எழுதவில்லை. உடம்பு பெருத்த ஆள். ரோட்டில் போகிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்கிற பொருள், அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் முதல் வரியில் எழுதியிருக்கக்கூடிய பொருள், பிறந்ததிலிருந்து என்னைத் துரத்திக்கொண்டு வந்த பொருள், அதை விட்டுவிட்டேன். சிரிப்பு வருகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறேன், சிரிப்போடு சேர்ந்து பயமும் வருகிறது, சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் எங்கேயோ போய்விட்டது, சகாயராணி அக்கா காலிக் கப்புகளை எடுக்கத் தொடங்கிவிட்டாள். எழுது, பெயரடை, உடல் பருத்த, சரி, வாக்கியம். இதற்கா வாக்கியத்துக்குப் பஞ்சம். “ஏய் குண்டு” என்பது கூப்பிடுவது, பொருள் வராது. துணி தைக்கிற அக்கா, “கொஞ்சம் குண்டா இருக்கீங்க, ஆனா இந்தக் கை வெச்சா எடுப்பா இருக்கும்.” விடுதிக்கு வருகிற டாக்டர், “கொஞ்சம் குண்டாதான் இருக்க, ஆனா பி.பி. ஒண்ணும் இல்ல.” பார், இரண்டிலும் கொஞ்சம், இரண்டிலும் ஆனா. பேனா நிற்கிறது. பல்புக்குக் கொஞ்சம் இல்லை. கொஞ்சம் குண்டு பல்பு போடு என்று அப்பா சொன்னதில்லை. குண்டுமல்லிதான், ஆனா மணமாக இருக்கும் என்று எந்தப் பூக்காரியும் சொன்னதில்லை. குழந்தைக்கும் கிடையாது, பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தபோது, “குண்டுப் புள்ள, கண்ணு பட்டுடப் போவுது,” என்று திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள், அதில் எவ்வளவு பெருமை, தொட்டிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘கொஞ்சம்’ வந்து சேர்கிறது, பின்னால் ‘ஆனா’ வந்து சேர்கிறது, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு கூட்டிப் போவதுபோல. இது எந்த அகராதியிலாவது இருக்கிறதா, இதை நான்தான் கண்டுபிடித்தேனா, இதற்குச் சரியான வாக்கியம் ஒன்று இருக்கிறது, அது இருக்கிற பக்கம் போகாமலே இந்த ஒரு மணி நேரமும் சுற்றிக்கொண்டிருந்தேன். எம்.ஏ. முடிவு வந்த வாரம், முதல் வகுப்பு, அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்குகிறோம், அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு திண்டிவனத்து அத்தையோடு பேசுகிறாள், “ஆமா, கொஞ்சம் குண்டுதான், ஆனா நல்லா படிச்சிருக்கா.” கத்தி நிற்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்கவும் இல்லை. எங்கள் தெருவில் யாருமே வாங்காத என் எம்.ஏ. அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் போய் நின்றது. கெட்டுப்போன ஒன்றுக்குப் பதிலாகக் கடைக்காரன் எடுத்துக் கொடுக்கிற மாதிரி. அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இந்த வாக்கியத்தின் கனம், கேலி செய்கிறவர்களின் வாக்கியம் ஒன்றுகூட இந்த அளவு கனமில்லை. யார் சொன்னது, எங்க சொன்னது, ஒரு வரி. ‘பேருந்தில் இரு பெண்கள் பேசிக்கொண்டது’ என்று எழுதலாம், யார் போய்க் கேட்கப் போகிறார்கள். மரியதாஸ் சார் அதைப் படிப்பார், என்னைப் பார்ப்பார், தெரிந்துவிடும், பூ பிளாஸ்டிக் என்று. இல்லை, தெரியாமலே போகலாம், அது இன்னும் மோசம். எல்லா வாக்கியத்துக்கும் உண்மையைச் சொல்லிவிட்டு இதற்கு மட்டும் பேருந்து ஏறினால், மேலே இருக்கிற அப்பாவின் பல்புகூட அணைந்துவிடும். இடம் இல்லை, ஓரத்தில் குறுக்காகத் திருப்பி எழுதுகிறேன், கொஞ்சம் குண்டுதான் ஆனா நல்லா படிச்சிருக்கா, சொன்னது என் அம்மா, என்னைப் பற்றி, என் முன்னால், எங்கள் வீட்டில். அதற்குக் கீழே, பெரியவர்களைக் குறிக்கும்போது முன்னால் ‘கொஞ்சம்’, பின்னால் ‘ஆனால்’ சேர்ந்து வருவது வழக்கம், குழந்தை, பூ, விளக்கு ஆகியவற்றுக்கு இப்படி வருவதில்லை. மணி அடிக்கிறது. பலகையைத் தூக்குகிறேன், வயிறு மூச்சு விடுகிறது.

தாள்களை வாங்கி அங்கேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படித்தார் மரியதாஸ் சார். காத்திருந்தபோது கட்டம் போட்ட சட்டைக்காரன் தானாகவே வாயைத் திறந்தான்.

“எப்டிங்க எழுதினீங்க? எனக்கு ‘மேல்’னு வந்துச்சு. மேல ஏறு, அவ மேல கோவம், இதுக்கு மேல முடியாது, மேல்படிப்பு. எழுத எழுத வந்துகிட்டே இருக்குங்க. ஒங்க சீட்டப் பாத்ததும் பொறாமையாப் போச்சு.”

அழுத்தியே சொல்லவில்லை அவன். என் முறை வந்தது. சார் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். ஆழம் என்ற இடத்தில் புருவம் ஏறியது. பிறகு தாளைக் குறுக்காகத் திருப்பினார்.

“எல்லாருக்கும் மொதல்ல வர்றது இது. நீங்க ஓரத்துல எழுதியிருக்கீங்களே.”

“மறந்துட்டேன் சார்.”

அப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தார்.

“மறந்துட்டீங்க.”

“ஆமா சார்.”

அவர் உதட்டில் ஏதோ வந்தது, வந்த வேகத்தில் போனது. பென்சிலை எடுத்தார். “உதாரணம் நீளம். ‘கொஞ்சம் குண்டுதான்’னு நிறுத்திட்டாப் போதும், பொருள் வந்துருச்சு. மிச்சம் இந்தச் சொல்லுக்கு வேண்டியது இல்ல.”

“அவங்க அங்க நிறுத்தல சார்.”

சொன்ன பிறகுதான் குரல் கொஞ்சம் கூடிவிட்டது தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். பென்சில் ‘ஆனா’வின் மேல் நின்றது, அடிக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “போயிட்டு வாங்கம்மா” என்றார்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இன்னா கேட்டாங்க?”

“ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதச் சொன்னாங்க.”

“இன்னா சொல்லு?”

“குண்டு.”

அம்மாவின் குரல் எழும்பியது. “ஒன்னப் பாத்துட்டு வேணும்னே குடுத்தானா? எவன் அவன்? போன அவங்கிட்டக் குடு.”

“சீட்டு குலுக்கி நானே எடுத்ததும்மா.”

“நீயே எடுத்தியா.” “அதுல எழுத இன்னாடி இருக்கு?”

“நெறைய இருக்கும்மா,” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்பா பல்பு இருக்கு. எதிர்வீட்டுக்காரம்மா சொன்னது இருக்கு. நீ சொன்னதும் இருக்கு.”

“நான் இன்னா சொன்னேன்?”

சொன்னேன், வார்த்தை மாறாமல். அம்மா, “அது நான் ஒன்ன ஒசத்திதான்டி சொன்னேன்” என்றாள். “தெரியும்மா,” என்றேன். தெரியும்தான்.

பவளக்கொடி சொன்னது இவ்வளவுதான். இனி நான் என்பது மறுபடியும் நான். அவளுக்கு அந்த வேலை கிடைத்தது, ஆடி முடிந்தும் திண்டிவனத்துக்காரர்கள் வரவில்லை, இது இரண்டும் எனக்கு நேரடியாகத் தெரியும், மெஸ் மூடிய பிறகு அவள் வாங்கிய முதல் ஸ்டவ்வில்தான் நாங்கள் சமைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் எனக்கு வேறு ஊரில் வேலை. அகராதியின் புதிய பதிப்பு வந்தபோது ஊர் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். ‘குண்டு’ ஒன்றரைப் பத்திக்கு நீள்கிறது. பல்பு இருக்கிறது, மல்லி இருக்கிறது, ஆழம் இருக்கிறது, ‘கொஞ்சம்’, ‘ஆனால்’ பற்றிய அவள் குறிப்புகூடச் சின்ன எழுத்தில் இருக்கிறது. அம்மாவின் வாக்கியத்தைக் காணவில்லை, ஆளைக் குறிக்கும் பொருளுக்கு உதாரணமாகப் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் போட்டிருந்தார்கள். எனக்கு வருத்தமாகிவிட்டது. மூடி வைக்கப் போனவள், அந்தப் பென்சில் வட்டம் ஞாபகம் வந்து, பக்கங்களைத் தொடக்கத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே போய் ‘ஆனால்’ என்ற சொல்லைத் தேடி எடுத்தேன். அங்கே முதல் உதாரணம், பேச்சை எழுத்தாக மாற்றி, சொன்னவர் பெயர் இல்லாமல்: ‘கொஞ்சம் குண்டுதான், ஆனால் நன்றாகப் படித்திருக்கிறாள்.’